பச்சோந்தி வாங்கும்போது எந்த நிறத்தைப் பார்ப்பது?

மூன்றில் எதை எடுப்பது என்று பல வாரம் குழம்பினேன். ஒன்று, மடகாஸ்கரின் வடக்கே அம்பிலோபே பகுதியின் பாந்தர் பச்சோந்தி. இரண்டாவதும் அதே இனம்தான், ஆனால் நோசி பே தீவைச் சேர்ந்தது. மூன்றாவது ஏமன் பச்சோந்தி. இதை முன்பே நான்கு வருடம் வளர்த்திருக்கிறேன். கடைசியில் நோசி பே ஆண் ஒன்றை வாங்கினேன். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். காரணம் ஒன்றுதான்: படத்தில் காட்டும் நிறம் வேறு, வீட்டில் நாம் தினமும் பார்க்கும் நிறம் வேறு.

மற்ற விஷயங்களில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு, யூவிபி எனும் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு, இலைகளில் தண்ணீர் தெளிப்பது, கால்சியம் தூவிய பூச்சிகள். ஏமன் கொஞ்சம் இலையும் கடிக்கும், புதிதாக வளர்ப்பவரின் சின்னத் தவறுகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சரி, நிறத்துக்கு வருவோம்.

பச்சோந்தி உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து நிறம் மாறுவதில்லை. அதன் மனநிலையும் உடல் சூடும்தான் பெரும்பாலும் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் பாந்தர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து இதன் சூட்சுமத்தை விளக்கினார்கள். தோலின் செல்களுக்குள் குவானைன் என்ற பொருளின் நுண்படிகங்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஆண் அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். தோலில் உள்ள மஞ்சள் நிறமியும் அதோடு சேர்வதால் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. இன்னொரு ஆணைப் பார்த்ததும் படிகங்களுக்கு இடையே இடைவெளி கூடும். பச்சை மஞ்சளாகும், மஞ்சள் ஆரஞ்சை நோக்கிப் போகும், சிவப்பு இன்னும் தூக்கலாகும். எல்லாம் சில நிமிடங்களில் நடந்துவிடும். எதிராளி கண்ணிலிருந்து மறைந்தால் பழைய நிறம் திரும்பிவிடும்.

விற்பனைப் படங்களில் பெரும்பாலும் நாம் பார்ப்பது அந்தச் சில நிமிடங்களைத்தான். கண்ணாடியையோ இன்னொரு ஆணையோ எதிரில் காட்டி எடுத்திருப்பார்கள். உடம்பு தட்டையாகப் பரந்து, தொண்டை உப்பி, வாய் பிளந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது சண்டைக் கோலம்.

அம்பிலோபேயின் கவர்ச்சி இந்தச் சண்டைக் கோலத்தில்தான் இருக்கிறது. நண்பர் ஒருவர் வீட்டில் ஒன்று இருக்கிறது, வாரம் ஒருமுறையாவது பார்ப்பேன். சாதாரணமாக இலைப்பச்சை உடம்பில் மங்கிய செங்காவிப் பட்டைகளோடு கிளையில் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் கூண்டை நகர்த்தும்போது ஜன்னல் கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துவிட்டான். பச்சை எலுமிச்சை மஞ்சளாக வெளுத்தது, பட்டைகள் குங்குமச் சிவப்பாகத் துலங்கின. பேச்சே வரவில்லை எனக்கு. அந்த அழகில் நோசி பே அவனுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் கூண்டைத் திருப்பிய கால் மணி நேரத்தில் பழைய இலைப்பச்சைக்கே வந்துவிட்டான். அந்த நிறத்தை மறுபடி பார்க்க வேண்டுமானால் மறுபடி அவனைச் சீண்ட வேண்டும்.

அதைச் செய்யக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் ஏமனுக்கு, வந்தவர்களிடம் காட்டுவதற்காக ஒரு மாலை இரண்டு மூன்று முறை கண்ணாடி வைத்தேன். கிளிப்பச்சை உடம்பில் மஞ்சள் பட்டைகள் பளிச்சென்று வந்தன, எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் கறுத்துக் கிளையின் பின்பக்கம் ஒண்டிக்கொண்டான். மறுநாள் ஒரு வெட்டுக்கிளியைக்கூடத் தொடவில்லை. நமக்குக் கண்காட்சியாகத் தெரிந்தது அவனுக்கு உயிர்ப் பிரச்சினை. அதற்கப்புறம் கண்ணாடியை எடுக்கவே இல்லை.

எதிரி என்று ஒன்று கண்ணில் படாத வாழ்க்கையைத்தான் நாம் அதற்குத் தர வேண்டும். அப்படித் தந்தால் வருடம் முழுக்க நமக்குத் தெரியப்போவது ஓய்வு நிறம். நோசி பே ஜெயிப்பது இங்கேதான். என்னுடையவன் சும்மா இருக்கும்போதே மயில் கழுத்து நிறம். உதட்டோரம் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு. கோபம் வந்தால் அதே நிறம் இன்னும் துலங்கும், அவ்வளவுதான். இரண்டு கோலத்துக்கும் இடைவெளி குறைவு, அதனால் படத்தில் பார்த்ததற்கும் வீட்டில் இருப்பதற்கும் பெரிய ஏமாற்றம் இல்லை.

காலையில் விளக்கு போட்டதும் அவனைப் பார்க்க வேண்டும். உடம்பைப் பலகை மாதிரித் தட்டையாக்கி விளக்குப் பக்கம் காட்டுவான். சூடு ஏற அந்தப் பக்கம் மட்டும் கறுத்திருக்கும், மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். முக்கால் மணி நேரத்தில் கறுப்பு கரைந்து நீலம் எழும். மாறுகிற நிறம்தான் வேண்டும் என்பவர்களுக்கு, சீண்டாமலே தினமும் கிடைக்கும் காட்சி இது. எந்தப் பச்சோந்தியிடமும் இது உண்டு.

ஏமனின் ஓய்வு நிறத்தையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல கிளிப்பச்சை, தலையில் உயர்ந்த கொண்டை, கம்பீரமான பிராணி. ஆனால் என்னுடையவன் சிடுசிடுப்பானவன், கூண்டைத் திறந்தாலே கறுத்துவிடுவான். எல்லா ஏமனும் அப்படியா என்றால், நான் வளர்த்தது ஒன்றைத்தான். மூன்று கொம்புள்ள ஜாக்சன் பச்சோந்தியை நான் வளர்த்ததில்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பாந்தர் வாங்குவதென்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த நிறமெல்லாம் வளர்ந்த ஆணுக்கு மட்டும்தான். குட்டிகள் சாம்பலும் பழுப்புமாக இருக்கும், முழு நிறம் ஏற ஒரு வருடமாவது பிடிக்கும். பெண்களோ எந்தப் பகுதியைச் சேர்ந்தவையானாலும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம். ஆகவே குட்டியைப் பார்த்தோ தாயைப் பார்த்தோ எதையும் முடிவு செய்ய முடியாது. தாய் வேறு பகுதியாக இருந்தால் கலப்புக் குட்டி எந்த நிறத்துக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. தகப்பன், தாய் இரண்டின் வம்சமும் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கூண்டில் பிறந்த குட்டிதானா என்பதையும் கேளுங்கள்.

நான் விற்பவர்கள் இரண்டு பேரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து, எதிரில் எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் தகப்பனின் படம் கிடைக்குமா? ஒருவர் மறுபடியும் வாய் பிளந்த படத்தையே அனுப்பினார். மற்றவர் மூன்று நாள், மூன்று வேளைகளில் எடுத்த படங்களை அனுப்பினார். ஒன்றில் அது கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அவரிடமே வாங்கினேன்.