மழைக்கு முன் ஒரு மொட்டை மாடிச் சோதனை

சென்னையில் உள்ள எங்கள் 22 ஆண்டுப் பழைய வீட்டின் மொட்டை மாடியைப் பார்வையிட, நீர்க்கசிவுத் தடுப்புப் பணி செய்யும் ஒரு நிறுவனத்தை (பெயர் வேண்டாம்) செப்டம்பரில் அழைத்தோம். கட்டணம் 1,200 ரூபாய்.

வந்தவர் சிறு சுத்தியலால் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடந்தார். கெட்டியாக ஒலிக்க வேண்டிய இடத்தில், தண்ணீர்த் தொட்டியின் அருகே ஏழு ஓடுகள் மட்டும் பொள்ளலாக ஒலித்தன. கைப்பிடிச் சுவரின் விரிசலில் இரண்டு இலை விட்டிருந்த அரசங்கன்றை, நாள்தோறும் துணி உலர்த்தப் போகும் நாங்களே கவனித்திருக்கவில்லை. மழைநீர்க் குழாயின் வாயை வேப்பஞ்சருகு பாதி அடைத்திருந்தது. இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை.

அறிக்கைதான் ஏமாற்றம். குழாய் வாயை அடைத்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீரைத் தேக்கி, கீழே கூரையில் ஈரம் கசிகிறதா என்று பார்க்காமலேயே, மாடி முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் கொத்தனார் அந்த ஏழு ஓடுகளை மட்டும் மாற்றி, அரசங்கன்றை வேரோடு எடுத்து, விரிசலைச் சுரண்டிப் பூசினார். அந்தப் பருவமழை முழுவதும் சொட்டுக்கூடக் கசியவில்லை.

ஆண்டுக்கு நான்கு முறை சோதிக்கும் ஒப்பந்தத்தையும் நீட்டினார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் ஒரு முறையும், அது ஓய்ந்தபின் சனவரியில் ஒரு முறையும், இடையில் புயல் அடித்தால் கூடுதலாக ஒரு முறையும் பார்த்தால் போதும் என்பது என் கணிப்பு. சுத்தியல்காரரை மீண்டும் அழைப்பேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டேன்.