பைத்தான் கற்க: கல்லூரி வகுப்பா, ஏஐ துணையோடு நேரடி வேலையா?

மளிகைக் கடைக்கு பில் போடும் நிரல் ஒன்று, பைத்தான் என்ற கணினி மொழியில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாட்ஜிபிடியைக் கேட்டால் அன்று மாலையே ஏதோ ஒன்று ஓடத் தொடங்கிவிடும். பிழைச் செய்தியை ஒட்டினால் நள்ளிரவிலும் சலிக்காமல் காரணம் சொல்லும். கல்லூரியிலோ முதல் செமஸ்டரில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பும், அதை வைத்துத் திரையில் வரையும் நட்சத்திர முக்கோணமும்தான். ஆர்வத்தைத் தக்கவைப்பதில் ஏஐ வழிக்கே என் ஓட்டு.

ஆனால் பைத்தானில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். ஏஐ ரவுண்ட் போட்டு இரண்டு தசம இடத்தோடு நிறுத்தச் சொல்லக்கூடும். திரையில் சிக்கல் மறைந்துவிடும். 1/3-ஐத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாததுபோல, 0.1-ஐக் கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும்) எழுதி முடிக்க முடியாது என்பதுதான் காரணம். தசம எண்களைக் கணினி எப்படிச் சேமிக்க வேண்டும் என்று சொல்லும் ஐஇஇஇ 754 தரத்தை வகுப்பில் கையால் போட்டுப் பார்த்தவருக்கு, தொகையைப் பைசாவாக்கி முழு எண்ணில் வைக்கலாம் என்று தொடக்கத்திலேயே தோன்றும். கேட்டால் ஏஐயும் இதைச் சொல்லும். கேட்க வேண்டும் என்றே தெரியாதவர் என்ன செய்வார்? இந்த இடத்தில் பாடத்திட்டத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செலவைப் பார்த்தால் ஒப்பீடே இல்லை: ஒருபக்கம் நான்கு ஆண்டு பி.இ., மறுபக்கம் சாட்ஜிபிடியில் ஓர் இலவசக் கணக்கு. கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் பட்டத்தைக் கேட்கும், அது வேறு கதை.

கல்லூரிக்குப் போக வழியில்லாதவர்கள் ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் இணையதளத்தில், தரவுகளை நிரலில் அடுக்கிவைக்கும் முறைகளைச் சொல்லும் தரவு அமைப்புப் (டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்) பாடத்தை எடுங்கள். காணொளிகள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பயிற்சிக் கணக்குகளை முதலில் நீங்களே போட்டுவிட்டு, பிறகு ஏஐயிடம் காட்டித் திருத்தக் கேளுங்கள்.