ஐகான் ஆஃப் தி சீஸா, குயின் மேரி 2-ஆ: ஏழு இரவுகளுக்கு எந்தக் கப்பல்?

ஏழு இரவுகளைக் கடலில் கழிக்க விரும்புவோர் முன்னால், ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட இரண்டு கப்பல்கள் இருக்கின்றன. ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஐகான் ஆஃப் தி சீஸ் மயாமியில் கிளம்பி, கரீபியன் கடலின் சில துறைமுகங்களைத் தொட்டு, மயாமிக்கே திரும்புகிறது. கியூனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2, தன் வழக்கமான அட்லாண்டிக் பயணத்தில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கிளம்பினால் நியூயார்க்கில்தான் நிற்கிறது. இடையில் ஒரு துறைமுகமும் இல்லை. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் நீளத்தையும் தளங்களையும் உணவகங்களையும் எண்ணிப் பட்டியலிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் தவறில்லை, ஆனால் தேர்வு செய்ய அது அதிகம் உதவுவதில்லை. கரையே கண்ணில் படாத ஒரு முழு நாளை நீங்களும் உடன் வருபவர்களும் எப்படிக் கழிப்பீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து; மற்ற வேறுபாடுகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றியே வருகின்றன.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐகான், ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் உள்ள மேயர் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 2024 ஜனவரி 27 அன்று முதல் பயணத்தைத் தொடங்கியது. அதன் நீளம் 365 மீட்டர், தளங்கள் 20, மொத்த டன்னேஜ் 2,48,663. குயின் மேரி 2 பிரான்சின் சான் நசேர் நகரில் கட்டப்பட்டது. 2004 ஜனவரி 8 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி அதற்குப் பெயர் சூட்ட, நான்கு நாட்கள் கழித்து முதல் பயணம் புறப்பட்டது. 345 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலின் மொத்த டன்னேஜ், 2016-இல் நடந்த பெரிய புதுப்பித்தலுக்குப் பின் 1,49,215. மொத்த டன்னேஜ் கப்பலின் எடையைக் குறிப்பதில்லை. மூடப்பட்ட இடங்களின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆகவே அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது ஓரளவு புலப்படும். அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஐகானில் 5,610 பேர், குயின் மேரி 2-இல் 2,691 பேர். வகுத்துப் பார்த்தால் முன்னதில் தலைக்கு ஏறக்குறைய 44, பின்னதில் 55. பள்ளி விடுமுறைக் காலத்தில் ஒரே அறையில் மூவரும் நால்வருமாகத் தங்கும்போது ஐகானில் 7,600 பேர் வரை ஏறலாம். அப்போது 44 என்பது 33-க்கும் கீழே இறங்கிவிடும். கப்பலுக்குள்ளேயே சென்ட்ரல் பார்க் என்ற பெயரில் அமைந்த பூங்கா போன்ற திறந்தவெளிகள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை என்பதையும் ஐகானுக்குச் சாதகமாகச் சொல்லியாக வேண்டும். ஆயினும், உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒன்றில் நெருக்கடி குறைவாகத்தான் இருக்கும் என்று எண்ணிப் பணம் கட்டுவோர் இந்த எண்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டும் வெவ்வேறு கடல்களுக்காகக் கட்டப்பட்டவை. ஐகான், உல்லாசப் பயணத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட கப்பல். இதமான கடலில், ஏறக்குறைய 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்) வேகத்தில், ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்ததற்கு இரவில் நகர்ந்துகொண்டிருப்பது அதன் வேலை. குயின் மேரி 2, பெருங்கடலைக் கடந்து பயணிகளைக் கரை சேர்க்கும் ஓஷன் லைனர் என்ற பழைய மரபின் வாரிசு. அதன் வடிவமைப்பாளர் ஸ்டீபன் பெய்ன், குளிர்கால வட அட்லாண்டிக்கையும் தவறாமல் கடக்கும் கப்பலை மனத்தில் வைத்தே ஒவ்வொரு பகுதியையும் தீர்மானித்தார். நீண்டு கூர்ந்த முகப்பு, நீருக்குள் பத்து மீட்டருக்கு மேல் ஆழ்ந்திருக்கும் அடிப்பகுதி, வழக்கத்தைவிடக் கனமான எஃகு, அலைகள் எட்டாதபடி உயரத்தில் தொங்கும் உயிர்காப்புப் படகுகள், தேவைப்பட்டால் 30 நாட் வேகம் வரை ஓடத் திறன் தரும் டீசல் எந்திரங்களும் எரிவாயு டர்பைன்களும் எல்லாம் அந்த நோக்கத்திலிருந்து வந்தவை. கட்டுமானச் செலவை மிகவும் உயர்த்திய இந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி பயணியின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஆனால் நடுக்கடலில் காற்று எழும் இரவில், கட்டிலில் படுத்திருப்பவருக்கு அவற்றின் அருமை தெரியும். கப்பல் அசையவே அசையாது என்று இதற்குப் பொருளில்லை. வட அட்லாண்டிக்கில் எந்தக் கப்பலும் அசையும். கடல் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் கரீபியனைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

இனி அந்தக் கரையில்லாத நாளுக்கு வருவோம். ஐகானில் அந்த நாள் நிரம்பி வழியும். கப்பல் எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆறு சறுக்குகள் கொண்ட கேட்டகரி 6 நீர்ப்பூங்கா, ஏழு நீச்சல் குளங்கள், பனிச்சறுக்கு அரங்கு, முகப்பின் உச்சியில் கண்ணாடிக் கூரையின் கீழ் உயரக் குதித்து நீரில் பாயும் காட்சிகள் நடக்கும் அக்வாடோம், ஆயிரக்கணக்கான செடிகள் வளரும் சென்ட்ரல் பார்க் என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று காத்திருக்கும். காலையில் நீர்ச்சறுக்கு, பிற்பகலில் பாறையேற்றச் சுவர், இரவில் அரங்கக் காட்சி என்று போய்விட்டால், கடலையே சரியாகப் பார்க்காமல் ஒரு நாள் முடிந்துவிடக்கூடும். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. கப்பலே சேருமிடமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் புகழ்பெற்ற காட்சிகளுக்கு முன்பதிவு தேவை. பயணத்துக்கு முன்பே செயலியில் இடம் பிடித்து வைக்காதவர்கள் வரிசையில் நின்றே பொழுதைக் கழிக்க நேரும்.

குயின் மேரி 2-இல் அந்த நாள் ஒன்றல்ல, அநேகமாக ஏழு நாட்களுமே அப்படித்தான். கரைக்கு இறங்க வழியில்லை. மூவாயிரத்துக்கும் அதிகமான கடல் மைல்கள் நீர் மட்டுமே. இந்த ஏற்பாட்டில் ஓர் அபூர்வமான சுதந்திரம் இருக்கிறது. இறங்கிப் பார்த்தே ஆக வேண்டிய ஊர் எதுவும் இல்லாததால், எதையும் தவறவிட்டோம் என்ற எண்ணம் எழுவதில்லை. முகப்பைப் பார்த்த நூலகத்தில் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளன. கப்பல்களில் முதன்முதலாக அமைந்த கோளரங்கம் இங்கே இருக்கிறது. பகலில் வரலாறு, அறிவியல், கலை பற்றிய உரைகள், மாலையில் நேரடி இசையுடன் தேநீர், இரவில் பெரிய நடனக்கூடம். ஏழாம் தளத்தின் நடைபாதை கப்பலை முழுவதுமாகச் சுற்றி வருகிறது. மூன்று சுற்று நடந்தால் 1.8 கிலோமீட்டருக்குச் சற்றே குறையும். காலையில் அங்கே நடந்து, பிற்பகலில் ஒரு நூலோடு சாய்ந்து, இடையிடையே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஒரு முழுமையான நாளாகக் கருதுபவருக்கு இதற்கு இணையான கப்பல் இன்று வேறில்லை என்றே நான் நம்புகிறேன். இரண்டாம் நாளே இருப்புக்கொள்ளாமல் தவிப்பவருக்கோ ஐந்து நாட்கள் மிச்சமிருக்கும், தப்பிக்க வழியும் இருக்காது.

குழந்தைகள் விஷயத்தில் தயங்காமல் தீர்ப்புச் சொல்லலாம். ஆறு வயதுக்குட்பட்டவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட சர்ஃப்சைட் பகுதி, பெற்றோர் ஒரே இடத்தில் அமர்ந்தபடி பிள்ளைகளைக் கவனிக்கும் வகையில் ஐகானில் இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். குயின் மேரி 2-இலும் பயிற்சி பெற்ற பணியாளர்களுடன் சிறுவர் கூடம் உண்டு, குழந்தைகள் வரவேற்கப்படுகிறார்கள். இருந்தும் பத்து வயதுப் பிள்ளை ஒரு வாரம் அங்கே மகிழ்ந்திருக்குமா என்பது அந்தப் பிள்ளையைப் பொறுத்தது. வளர்ப்பு நாயையோ பூனையையோ உடன் கொண்டுசெல்ல வேண்டியவருக்கு நிலைமை நேர்மாறு. குயின் மேரி 2-இல் 24 விலங்குக் கூண்டுகள் உள்ளன. நாய்கள் உலாவும் இடத்தில் லிவர்பூல் விளக்குக் கம்பமும் நியூயார்க் பாணித் தீயணைப்புக் குழாயும் நிறுத்தியிருக்கிறார்கள். கண்டம் விட்டுக் கண்டம் குடிபெயர்வோர் இந்தக் கூண்டுகளை வெகு முன்னதாகவே பதிவு செய்துவிடுகிறார்கள்.

உடையும் உணவு மேசையும் பலர் கவனிக்காமல் விடும் வேறுபாடு. குயின் மேரி 2-இல் மாலை ஆறு மணிக்கு மேல் முக்கியக் கூடங்களில் நேர்த்தியான உடை எதிர்பார்க்கப்படுகிறது. ஏழு இரவுப் பயணத்தில் விழா உடையில் வரும் இரண்டு காலா மாலைகள் அமைவது வழக்கம். அதில் விருப்பமில்லாதவர்களுக்குப் பஃபே உணவகம் முதலிய சில இடங்கள் திறந்திருக்கும் என்றாலும், அந்த மாலைகளை ஒதுக்கிவிட்டால் கப்பலின் சிறப்பில் பாதியை ஒதுக்கியதாகிவிடும். மேலும், எடுக்கும் அறையே உணவருந்தும் கூடத்தையும் தீர்மானிக்கிறது: பெரும்பாலானோருக்கு பிரிட்டானியா, உயர்ந்த அறைகளுக்கு பிரின்சஸ் கிரில், குயின்ஸ் கிரில். இந்த அடுக்குமுறை சிலருக்கு உறுத்தலாம். ஐகானில் உடைக் கட்டுப்பாடு தளர்வானது; ஆனால் சூட் எனப்படும் சொகுசு அறையினருக்கென்று தனி உணவகமும் தனி மொட்டைமாடியும் அங்கும் உண்டு.

செலவைக் கணக்கிடும்போது விளம்பரத்தில் தெரியும் கட்டணத்தோடு நிறுத்தக் கூடாது. இரண்டிலும் மதுபானம், இணையம், சிறப்பு உணவகங்கள், பணியாளர்களுக்கான அன்றாடச் சேவைத் தொகை ஆகியவை பொதுவாகத் தனி. ஐகானில் நீர்ச்சறுக்குகள் கட்டணத்திலேயே அடங்கும்; கப்பலின் விளிம்புக்கு வெளியே கயிறு கட்டி நடக்கும் கிரவுன்ஸ் எட்ஜுக்குத் தனியாகத் தர வேண்டும். நிறுவனத்தின் சொந்தத் தீவான கோகோகேயில் கடற்கரையும் பெரும்பாலான உணவும் சேர்ந்தவை, ஆனால் அங்குள்ள நீர்ப்பூங்காவும் பெரியவர்களுக்கான ஹைட்அவே கடற்கரையும் தனிச் செலவு. பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இந்தச் சில்லறைகள் சேர்ந்து பெருந்தொகையாகும். குயின் மேரி 2-இல் உரைகள், நூலகம், கோளரங்கம், தேநீர் எல்லாம் அடங்கியிருப்பதால் கப்பலுக்குள் தூண்டும் செலவுகள் குறைவு; மாறாக, பயணம் வேறொரு கண்டத்தில் முடிவதால் ஊர் திரும்ப விமானச் சீட்டு வாங்கியாக வேண்டும். தனியாகச் செல்பவர்களுக்கு, 2016-இல் சேர்க்கப்பட்ட, கடல் பார்க்கும் சன்னலுடைய 15 ஒற்றையர் அறைகள் அங்கே இருக்கின்றன. விசா தேவைப்படுவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: மயாமியிலிருந்து பிற நாடுகளுக்குப் போய் மயாமிக்கே திரும்புவதால், அமெரிக்காவுக்குள் ஒருமுறை மட்டுமே நுழைய அனுமதிக்கும் விசாவை நம்பிக் கிளம்பக் கூடாது.

சூழல் பற்றிய அக்கறையோடு தேர்ந்தெடுப்பவர்களுக்கு எளிய விடை இல்லை. ஐகான் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. கந்தகமும் கரும்புகையும் வெகுவாகக் குறைகின்றன, ஆனால் எந்திரத்தில் எரியாமல் தப்பும் மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. எனவே பசுமைக் கப்பல் என்ற பட்டத்தை இரண்டில் எதற்கும் நான் தரமாட்டேன்.

அறையைத் தேர்வதில் சில நுணுக்கங்கள் உள்ளன. குயின் மேரி 2-இன் கீழ்த்தளப் பால்கனிகள் கப்பலின் உடலிலேயே வெட்டி அமைக்கப்பட்டவை. காற்றிலிருந்து நல்ல பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் முன்புறம் எஃகுச் சுவர் என்பதால் அமர்ந்தபடி கடலைப் பார்க்க இயலாது. எட்டாம் தளத்தில் பல பால்கனிகளை உயிர்காப்புப் படகுகள் மறைக்கின்றன. ஐகானில் பால்கனி என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பதிவு செய்தால், கடலுக்குப் பதிலாக சென்ட்ரல் பார்க்கையோ சர்ஃப்சைடையோ பார்த்த அறை கிடைக்கலாம்; முன்னது இனிமையானது, பின்னது பகல் முழுவதும் குழந்தைகளின் ஆரவாரம் கேட்பது.

கடைசியாக, காலமும் திசையும். கரீபியனில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை; ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அதன் உச்சம். அப்போது கட்டணம் குறைந்தாலும், துறைமுகங்கள் கடைசி நேரத்தில் மாற்றப்படலாம் என்பதை ஏற்றுக்கொண்டே ஐகானில் ஏற வேண்டும். குயின் மேரி 2-ஐத் தேர்ந்தெடுப்பவர்களுக்குக் கோடைக்காலப் பயணத்தையும், அதிலும் மேற்கு நோக்கிச் செல்வதையும் பரிந்துரைக்கிறேன். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரம் ஒவ்வொரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தப்படுவதால், கூடுதலாக உறங்கியபடியே ஐந்து மணி நேர வேறுபாட்டுக்கு உடல் பழகிவிடும். கிழக்கு நோக்கி வந்தால் அதே ஐந்து மணி நேரத்தைப் பயணத்திலிருந்து இழக்க வேண்டியிருக்கும்.