நீரிழிவு நரம்பு வலிக்குப் பிரிகாபலின்: ஒரு மதிப்புரை

நீரிழிவால் பாத நரம்புகள் பழுதடைந்து, இரவில் போர்வை பட்டாலே கால் எரிகிறது என்று தவித்த என் தந்தையாருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது பிரிகாபலின் 75 மில்லிகிராம். வலியைத் தணிப்பதில் அது நன்றாகவே வேலை செய்கிறது. நரம்பு முனைகளில் உள்ள கால்சியம் உட்புகும் வழிகளோடு இணைந்து, வலியைக் கடத்தும் வேதிப்பொருள்கள் மிகையாகச் சுரப்பதை அது குறைப்பதால், எரிச்சலும் ஊசி குத்தலும் அடியோடு நீங்காவிட்டாலும் இப்போது அவர் விடியும்வரை தூங்குகிறார். ஆனால் பழுதான நரம்பை இம்மருந்து சரிசெய்வதில்லை. மரத்துப்போன விரல்களுக்கு உணர்ச்சியும் திரும்பாது. வலி அடங்கிவிட்டது என்று பாதத்தைப் பார்க்காமல் விட்டால், உள்ளங்காலில் பட்ட காயம் புண்ணாகும்வரை தெரியாமலே போய்விடும்.

பக்கவிளைவுகளை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடக்கத்தில் தந்தையார் காலையில் கிறுகிறுப்போடு சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும் அளவுக்கு வீக்கமும் இருந்தது. இம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் அளவைக் குறைத்த பிறகே இரண்டும் தணிந்தன. முதியவர்களுக்குக் குறைந்த அளவில், இரவில் மட்டும் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

எனக்குள்ள பெரிய குறை, கடையில் தனிப் பிரிகாபலின் கேட்டாலும் வைட்டமின் பி12இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் சேர்ந்த கூட்டு மாத்திரையையே எடுத்து நீட்டுகிறார்கள் என்பதுதான். நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பது உண்மையே. அதை இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து தனியாகக் கொடுக்கலாம். கூட்டு மாத்திரையில் ஒன்றின் அளவை மாற்றினால் மற்றதும் சேர்ந்து மாறிவிடுகிறது.

பிரிகாபலின்தான் சிறந்ததா என்றால், அப்படிச் சொல்வதற்கில்லை. 130 நோயாளிகளோடு பிரிட்டனில் நடத்தப்பட்டு 2022இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபலின் ஆகியவற்றில் எதைக் கொண்டு தொடங்கி, தேவைப்பட்டால் இன்னொன்றைச் சேர்த்தாலும், வலி ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தது. அமிட்ரிப்டிலினில் வாய் உலர்வும், டுலோக்செடினில் குமட்டலும், பிரிகாபலினில் கிறுகிறுப்பும் மிகுதி. எது பொருந்தும் என்பது நோயாளிக்கு உள்ள மற்ற நோய்களையும் பொறுத்தது. ஆகவே இதயக் கோளாறு, சிறுநீர் அடைப்பு, சிறுநீரகக் குறைபாடு ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிரிகாபலினைத் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, தலைவலி, வியர்வை முதலியவை வரலாம் என்பதால், மருத்துவர் சொன்னபடி குறைந்தது ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். வெளியூர் போகும்போது ஓர் அட்டை மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.