வேலை போனால் எந்த வழக்கு: முறையற்ற பணிநீக்கமா, வயதுப் பாகுபாடா?

பிரிட்டனில் ஐம்பது தாண்டிய ஒருவரின் கையில் ஆட்குறைப்புக் கடிதம் வந்தால், ‘வயதாகிவிட்டது என்று கழற்றிவிட்டார்கள்’ என்பார். அது உண்மையாகவே இருக்கலாம். தீர்ப்பாயத்தில் அதை நிரூபிப்பதுதான் பெரும்பாடு. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் அவருக்கு இரண்டு வழிகள் உண்டு: 1996-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டப்படி முறையற்ற பணிநீக்க வழக்கு, 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி வயதுப் பாகுபாட்டு வழக்கு. பலர் இரண்டாவதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். என் கட்சி வேறு.

முதல் வழக்கில் முதலாளியின் உள்நோக்கத்தைத் தோண்ட வேண்டியதில்லை. திறமை, நடத்தை, ஆட்குறைப்பு, சட்டத்தடை, வேறு தக்க காரணம் என்ற ஐந்தில் ஒன்று இருந்ததென்று அவரே காட்ட வேண்டும். பிறகு அவர் நடந்துகொண்ட விதம் நியாயமா என்பது கேள்வி. ஆட்குறைப்பில் யாரை அனுப்புவது என்று முடிவுசெய்ய ஊழியருக்குப் போட்ட ஒரு மதிப்பெண் தாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வருகைக்கு 5, பணித்தரத்துக்கு 4, ‘மாற்றங்களுக்கு ஈடுகொடுத்தல்’ என்ற வரியில் மட்டும் 1. ஏன் 1 என்றால் மேலாளரிடம் ஒரு வரிக் குறிப்புகூட இல்லை. கலந்தாலோசனை என்று நடந்தது இருபது நிமிடக் கூட்டம் ஒன்றுதான். முறையற்ற பணிநீக்க வழக்குக்கு இதுவே நல்ல பிடி.

வயது வழக்குக்கு இது போதாது. அந்த வரியில் இளையவர்களுக்கு என்ன விழுந்தது என்று தெரிய வேண்டும். அவர்களுக்கெல்லாம் 4, ஐம்பது தாண்டிய மூவருக்கு மட்டும் 1 என்றால் ஆட்டமே மாறும். வயது காரணமில்லை என்று காட்டும் சுமை, சமத்துவச் சட்டத்தின் 136-ஆம் பிரிவின்படி முதலாளியின் தலையில் ஏறக்கூடும்.

அப்போதும் அவருக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. இனம், பால் போன்றவற்றில் நேரடிப் பாகுபாட்டை நியாயப்படுத்த முடியாது, வயதில் முடியும். நோக்கம் முறையானது, வழி அளவானது என்று நிறுவினால் போதும். கட்டாய ஓய்வுக்கான பொது வயதாக இருந்த 65 என்ற விதி 2011-இல் நீக்கப்பட்டது. ஆனாலும் ஒரு சட்ட நிறுவனப் பங்குதாரரை 65-இல் அனுப்பிய வழக்கில், தலைமுறைகளுக்கிடையே வாய்ப்பைப் பகிர்வது ஏற்கத்தக்க நோக்கமே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2014-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போன ஒரு வங்கி வழக்கு இன்னும் கூர்மையானது. ‘நீங்கள் இனி 25 வயதுக்காரர் அல்ல’ என்று மேலாளர் சொன்னது பாகுபாடு என்றே ஏற்கப்பட்டது. ஊழியர் விலக நேர்ந்ததுகூட முறையற்ற பணிநீக்கமே என்று தீர்ப்பானது. ஆனால் வேலை போனதற்குக் காரணம் வயது என்பது மட்டும் நிலைக்கவில்லை.

பணத்தில் வயது வழக்கின் கை ஓங்கியிருக்கிறது. அதற்கு உச்சவரம்பு இல்லை, மனவேதனைக்கும் தனித்தொகை உண்டு. முறையற்ற பணிநீக்கத்தில் மனவேதனைக்கு ஒன்றும் கிடையாது. அதன் அடிப்படைத் தொகையில் ஒரு வேடிக்கை: 41 வயது முதலான ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் ஒன்றரை வாரச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு வாரச் சம்பளம். வயதைப் பார்க்காதே என்னும் சட்டம் இங்கே வயதைப் பார்த்தே எண்ணுகிறது.

வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆனவருக்கும், விண்ணப்ப நிலையிலேயே ஒதுக்கப்பட்டவருக்கும் இந்த அலசல் தேவையில்லை. முறையற்ற பணிநீக்க வழக்குக்கு வேண்டிய பணிக்காலம் இல்லாததால் அவர்களுக்கு வயது வழக்குதான் வழி. காலக்கெடு தவறினாலும் அதில் சற்று இளக்கம் உண்டு: நீட்டிப்பது நியாயம் என்று தீர்ப்பாயம் கருதினால் போதும். மற்றதில், உரிய காலத்தில் தாக்கல் செய்யவே இயலவில்லை என்று காட்ட வேண்டும்.

நீண்ட நாள் பணியாற்றியவர் இரண்டையும் ஒரே மனுவில் எழுதலாம். முறையற்ற பணிநீக்கத்தை முன்னே வைத்து, வயதைப் பின்னே வைப்பேன். அதற்கும் முன்னால், நிறுவனத்துக்கு ஒரு கடிதம்: குழுவில் இருந்த எல்லாருடைய மதிப்பெண் தாள்களும், பெயர் மறைத்து, வயதோடு வேண்டும்.