நெற்றியில் கட்டும் தூக்கப் பட்டை: வாங்கலாமா?

ஸ்மார்ட் வாட்ச் தூக்கத்தை அளப்பதாகச் சொல்வது பாதி ஊகம்தான், அது பார்ப்பது இதயத்துடிப்பையும் கை அசைவையும். இந்த ஈஈஜி பட்டை மூளையின் மின் அலைகளையே பதிவு செய்கிறது, அதனால்தான் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாலும் வாங்கினேன்.

ஆப்பில் அலைகளை நேரலையாகப் பார்ப்பது செம. விழித்திருக்கும்போதே கண்ணை மூடினால் நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை வரும், கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். 1929-இல் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் ஜெர்மனியில் வெளியிட்ட அதே சங்கதி. ஆனால் அது பின்மண்டையில்தான் வலுவாக இருக்கும், நெற்றியில் கொஞ்சம் மங்கல். காலையில் வரைபடத்தைத் திறந்தால் ஆழ்தூக்கத்தின் பெரிய, மெதுவான டெல்டா அலைகள் முன்னிரவில் குவிந்திருக்கும், கனவுத் தூக்கம் விடியலை நோக்கி நீண்டுகொண்டே போகும்.

சிக்கல் அந்தக் கனவுத் தூக்கத்தில்தான். அப்போது மூளை அலைகள் கிட்டத்தட்ட விழிப்பு மாதிரியே இருக்கும், தசைகள் மட்டும் தளர்ந்து கிடக்கும், அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வகத்தில் தாடையிலும் கண்ணோரத்திலும் மின்முனை ஒட்டுகிறார்கள். இந்தப் பட்டையில் தாடைக்கு ஒன்றும் இல்லை. படுத்துக்கொண்டு புத்தகம் படித்த நேரத்தைக்கூடக் கனவு என்று போட்டுவிட்டது!

அப்புறம், வியர்த்தால் நழுவுகிறது, ஒருக்களித்துப் படுத்தால் காதோரம் அழுத்துகிறது. தினமும் தூக்கத்துக்கு மார்க் போடுவது வேறு எரிச்சல். குறட்டை, மூச்சுத்திணறல் சந்தேகம் உள்ளவர்கள் இதை வாங்காமல் மருத்துவரைப் பார்த்துப் பாலிசோம்னோகிராம் என்ற முழுமையான தூக்கப் பரிசோதனை எடுப்பதே சரி. மூளை அலை பார்க்கும் ஆசைக்கு மட்டும் என்றால் 5-க்கு 3 கொடுப்பேன், சந்தா கேட்காமல் இருந்தால் 4.