கினபாலு, பீக்கோ டிரெயில், பெரியாறு: காரைக்குடியிலிருந்து மலைநடைக்குக் கிளம்பினால் எது?

தைப்பூசத்துக்குப் பழனி நடந்து வந்த கால்வலி ஆற ஒரு வாரம் ஆகும். அது ஆறியதும் எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார்: "அடுத்து எந்த மலை ஆச்சி?"

எட்டுப் பேர் நாங்கள். காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை ஆட்கள்; நாற்பதிலிருந்து அறுபது வயது வரை. வழிகாட்டியோடு சில நாள் மலையில் நடப்பது, அதோடு சேர்த்து வனவிலங்குகளைக் காக்கும் ஓரிடத்தையும் பார்த்து வருவது என்று இதுவரை மூன்று பயணம் போயிருக்கிறோம். மலேசியாவில் கினபாலு, இலங்கையில் பீக்கோ டிரெயில், கேரளத்தில் பெரியாறு. மூன்றில் எதற்குப் போகலாம் என்று சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்குப் போயிருப்பீர்கள். அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1977-ல். ஆனால் கூடு கட்டியிருக்கும் பறவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருப்பது அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி ஊர் மக்கள். பிள்ளைகளுக்கு ஆசை இருக்காதா? இருந்தும் வெடிப்பதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் நான் தேடுவது இதைத்தான். காட்டைக் காப்பது யார், காப்பாற்றிய விலங்கு மறுபடி காட்டுக்குப் போகிறதா, நான் கட்டுகிற பணம் யார் கைக்குப் போகிறது? மலை எத்தனை மீட்டர் என்பது அதற்குப் பிறகுதான்.

மூன்றிலும் உடம்பைச் சோதிப்பது கினபாலுதான், அதில் பேச்சே இல்லை. உயரம் 4,095 மீட்டர். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து இன்னொரு விமானத்தில் சபா மாநிலத்தின் கோத்தா கினபாலு. நடை தொடங்கும் திம்போஹோன் வாசலே 1,866 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் 6 கிலோமீட்டர் ஏறி, 3,270 மீட்டர் உயரத்தில் இருக்கும் பனாலாபான் விடுதிகளில் தூங்க வேண்டும். ஆறு கிலோமீட்டர்தானே, பழனிக்கு ஒரே நாளில் அதைப்போல நாலு மடங்கு நடக்கிறோமே என்று நினைத்துத்தான் நாங்களும் போனோம். சமதரையில் நடந்த கால் வேறு, படி ஏறுகிற கால் வேறு. மரப்படி, கல்படி, வேர்ப்படி என்று படிக்கு முடிவே இல்லை. நம் ஊரோ கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத இடம். மூவாயிரம் மீட்டரைத் தாண்டியதும் தலை கனக்கும், சோறு இறங்காது.

இரவு இரண்டு, இரண்டரைக்கு எழுப்பி நெற்றி விளக்கோடு கிளப்புவார்கள். சாயாட்-சாயாட் என்ற சோதனைச் சாவடியைக் குறித்த நேரத்துக்குள் தாண்டவில்லை என்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் வெறும் கருங்கல் பாறை; வெள்ளைக் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். உச்சியில் சூரியன் எழும்போது எங்களில் மூன்று பேர் முருகா என்று வாய்விட்டு அழுதோம். அந்த அழுகையை நான் மறக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கே 2,200 மீட்டருக்கு மேல் இறங்கியாக வேண்டும் என்பதையும் யாரும் மறக்கக் கூடாது. முழங்காலுக்கு உண்மையான சோதனை அந்த இறக்கம்தான்.

வழிகாட்டி இல்லாமல் இந்த மலையில் யாரையும் விடுவதில்லை. வழிகாட்டிகள் பெரும்பாலும் மலையைச் சுற்றியிருக்கும் ஊர்களின் டூசுன் மக்கள். இறந்த முன்னோர் தங்குமிடம் இந்த மலை என்பது அவர்கள் நம்பிக்கை. 2015 ஜூன் 5 அன்று வந்த நிலநடுக்கத்தில், ஏறிக்கொண்டிருந்தவர்களும் வழிகாட்டிகளுமாக 18 பேர் இந்த மலையில் இறந்தார்கள். எங்களைக் கூட்டிப்போனவர் ஒரு திருப்பத்தில் நின்று, ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு நடந்தார். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள் சண்டக்கான் பக்கம் செபிலோக் என்ற இடத்துக்கு ஐந்தாறு மணி நேரப் பயணம். ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் அங்கே 1964-லிருந்து நடக்கிறது. மரம் வெட்டியதில் தாயை இழந்த குட்டிகளையும், வீட்டில் கட்டிவைத்து வளர்த்தவர்களிடமிருந்து மீட்ட குட்டிகளையும் கொண்டுவந்து, மரம் ஏறக் கற்றுக்கொடுத்து, காட்டில் விடுகிறார்கள். யாரும் தொட முடியாது. பையைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேடையில் வைக்கிற பழத்தை வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி ஒரே மாதிரி வைக்கிறார்கள். அது அலுத்து, காட்டில் தானே இரை தேடப் பழக வேண்டும் என்பதற்காக. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பக்கத்திலேயே சூரியக் கரடிகளுக்கும் ஒரு காப்பகம் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் செபிலோக்கை விட என்னைப் பிடித்து உலுக்கியது அங்கே போகிற வழி. மணிக்கணக்கில் இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பனை. நட்டு வைத்த வரிசை, அதைத் தவிர வேறு மரம் இல்லை. இந்தப் பனை வருவதற்கு முன் அங்கே நின்றது ஒராங்குட்டானின் காடு. உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது நம் நாடு. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குகிறோமே, அதே எண்ணெய். நம் ஊரில் கல்யாணத்துக்கு மாவிடித்து முறுக்கும் சீப்புச்சீடையும் எத்தனை சட்டி சுடுகிறோம்! எங்கள் வீட்டு வளவில் நிற்கிற தூண்கள் பர்மாத் தேக்கு. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போன ஐயாக்கள் கப்பலில் ஏற்றி அனுப்பியவை. சின்ன வயதிலிருந்து அந்தத் தூண்களைக் கட்டிப்பிடித்து வளர்ந்தவள் நான். ஒரு காட்டின் மரங்கள் அவை என்று அந்தச் சாலையில்தான் முதன்முதலாக நினைத்தேன். திரும்பி வந்ததிலிருந்து பலகாரத்துக்குக் கடலை எண்ணெய்தான். செலவு கூடத்தான் செய்கிறது.

இலங்கைக்கு வருவோம். பீக்கோ டிரெயில் ஒரு சிகரம் அல்ல. கண்டியில் தொடங்கி மலையகத்தைச் சுற்றி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை. 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை கொண்டுபோகப் போட்ட வழிகளைத்தான் இணைத்திருக்கிறார்கள். அப்புத்தளை, எல்ல பக்கம் நாலு கட்டம் எடுத்து நாலு நாள் நடந்தோம். மூச்சு முட்டாது, கயிறு பிடிக்க வேண்டாம். சவால் என்று சொல்லி இதை விற்பவர்களை நம்பாதீர்கள். நடக்கத் தெரிந்த யாரும் நடக்கலாம்.

ஆனால் வேறெந்த மலையிலும் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: வழியெல்லாம் தமிழ். தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார். காரைக்குடி என்றதும், "எங்க தாத்தா தொண்டிப் பக்கம்னு சொல்லுவாங்கம்மா" என்றார். தொண்டி எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். அவர்கள் போய் நான்கு தலைமுறை ஆகிவிட்டது. 2023-ல், தோட்ட வேலைக்காக மலையகத் தமிழர் அங்கே போன 200-ஆவது ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனவர்கள் அவர்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். இதே கடலைத் தாண்டி கொழும்புச் செட்டியார் தெருவுக்கு லேவாதேவி செய்யப் போன எங்கள் ஆட்கள் பங்களா கட்டித் திரும்பினார்கள். இவர்களோ லயத்திலேயே இருக்கிறார்கள். அந்தப் பாதையில் நடக்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியாது. கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வேலை செய்கிற நேரத்தில் நம்மைப் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இலங்கையில் பாதுகாப்பு இடம் என்றால் உடவளவை யானைக் குட்டிகள் இல்லம். 1995-ல் வனவிலங்குத் திணைக்களம் தொடங்கியது. தாயை இழந்த குட்டிக்குப் பால் கொடுத்து வளர்த்து, ஐந்து வயது வாக்கில் காட்டில் விடுகிறார்கள். இப்படி நூற்றுக்கு மேல் விட்டாகிவிட்டது. நாம் தள்ளி மேடையில் நின்று பால் குடிப்பதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். எங்களுக்கு ஏற்பாடு செய்த ஏஜென்ட் முதலில் கூட்டிப்போனது இங்கே இல்லை. "குட்டியைத் தொட்டுப் பார்க்கலாம், குளிப்பாட்டலாம்" என்று சொல்லி வேறோர் இடத்துக்கு. அங்கே யானைகளின் காலில் சங்கிலி. கூட வந்த அண்ணன் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் வண்டிக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் நாங்களே வண்டி பிடித்து உடவளவை போனோம். ஆகையால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இடத்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தொடலாம், மேலே ஏறலாம் என்று ஆசை காட்டினால் அந்த இடம் வேண்டாம். இன்னொன்று: 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்துவிட்டது, நிலச்சரிவுகள் நிறைய. எந்தக் கட்டங்களில் நடக்க விடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பெரியாற்றை மற்ற இரண்டோடு சேர்த்துச் சொன்னால், "தேக்கடிதானே, படகில் போய்ப் பார்த்தாயிற்றே" என்கிறார்கள். நான் சொல்வது படகு இல்லை. 'டைகர் டிரெயில்' என்று வனத்துறையே நடத்தும் நடை. ஓரிரவு அல்லது ஈரிரவு காட்டுக்குள் கூடாரம். சிறு குழுவாகத்தான் விடுவார்கள். துப்பாக்கியோடு வனக்காவலர் ஒருவர் வருவார். உடன் வரும் வழிகாட்டிகள் ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணா (காட்டு இலவங்கம்) மரத்துப் பட்டை உரித்தவர்கள், வேட்டையாடியவர்கள். வழக்கு, ஜெயில், தலைமறைவு என்று அலைந்தவர்களை 1990-களின் கடைசியில் வனத்துறை கூப்பிட்டுப் பேசி, காட்டைக் காட்டும் வேலையைக் கொடுத்தது. காட்டுக்குள் எங்கே ஒளிவது, யானை எந்த வழியில் தண்ணீருக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது காவலுக்குப் பயன்படுகிறது. நாம் நடக்கிற நடையே ஒரு ரோந்து. ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்துக்குத் திருடன் வரமாட்டான்.

அடுப்பு மூட்டிக் கஞ்சியும் பயறும் ஆக்கிப்போட்டுவிட்டு அவர்களில் ஒருவர் தமிழிலேயே கதை சொன்னார். குமுளி எல்லையூர் ஆயிற்றே, தமிழ் தெரியாதவர்கள் குறைவு. மிளா மானின் காலடியைக் காட்டி, "இதை முன்னாடி பார்த்தா வாயில எச்சில் ஊறும் அக்கா. இப்ப இது பத்திரமா இருக்கான்னு பார்க்கறேன்" என்றார். புலி கண்ணில் படவில்லை, பெரும்பாலும் படாது. புலி நகத்தால் கீறிய மரம் பார்த்தோம், காட்டெருமைக் கூட்டம் பார்த்தோம், விடிகாலைப் பனியில் ஏரியில் நீர்நாய்கள் பார்த்தோம். அட்டை உண்டு. முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை தருவார்கள். மூக்குப்பொடியை உள்ளே தூவிக்கொண்டால் இன்னும் நல்லது.

இங்கே பாதுகாப்பு இடம் என்று தனியாக ஒன்றுக்குப் போக வேண்டியதில்லை. மற்ற இரண்டிலும் மலை ஒரு பக்கம், விலங்குகள் ஒரு பக்கம், நடுவில் நீண்ட கார்ப் பயணம். பெரியாற்றில் நடையும் காவலும் ஒன்றே. கொள்ளுகுடிப்பட்டி எனக்குக் கற்றுத்தந்ததற்கு மிக அருகில் நிற்பது இதுதான். பெரியாற்றுத் தண்ணீரை நினைத்தும் மனம் நிறைந்தது. 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை தேக்குகிற தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்கி, தேனி, மதுரை தாண்டி, சிவகங்கைச் சீமையிலும் ஒரு பகுதிக் கண்மாய்களுக்கு வருகிறது. அந்தக் காடு நின்றால்தான் அந்த ஏரி.

பணத்தைப் பார்த்தால் கினபாலு மற்ற இரண்டையும் விட வெகு தூரம் மேலே. விமானம், அனுமதி, கட்டாய வழிகாட்டி, மலைமேல் படுக்கை எல்லாம் தனித்தனிச் செலவு. சுமை தூக்குபவருக்குக் கிலோ கணக்கில் கூலி. படுக்கைகள் குறைவு என்பதால் பல மாதம் முன்பே பதிய வேண்டும். இலங்கை நடுத்தரம். பெரியாறு, மதுரை போய்க் குமுளி பஸ் ஏறுகிற செலவோடு சரி. சாப்பாட்டில் இலங்கைதான் நமக்குத் தோது. சபாவில் சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பருப்புப் பொடியும் வற்றலும் கொண்டு போனது எங்களைக் காப்பாற்றியது.

அகத்தியமலையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். போனக்காட்டிலிருந்து மூன்று நாள் நடை, 1,868 மீட்டர், அருமையான மலை. ஆனால் கேரள வனத்துறை ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்களுக்குத்தான் திறக்கிறது, இடம் கிடைப்பது பெரும்பாடு. பெண்களை 2019-ல்தான் விடத் தொடங்கினார்கள். நாங்கள் இன்னும் போகவில்லை. போகாத மலையைப் பற்றி மேற்கொண்டு எழுத மாட்டேன். தமிழக அரசு 2024-ல் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு பாதைகள் பெரும்பாலும் ஒரு நாள் நடை. பழகுவதற்கு மிக நல்லது. அனுமதியில்லாமல் மலையேறுவதை மட்டும் நினைக்கவே நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 உயிர் போனது நம் மலையில்தான்.

இதுவரை மலையே நடக்காதவர்களுக்கும், ஒரு தடவைதான் செலவழிக்க முடியும் என்பவர்களுக்கும் பெரியாறு என்பேன். இன்னொரு முறை எங்கே போவாய் என்று என்னைக் கேட்டாலும் அதுதான். வயதான அம்மாவையோ அப்பாவையோ கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு இலங்கை. முப்பது வயதுக்காரர்கள், முழங்கால் நன்றாக இருக்கிறவர்கள், கையில் பணமும் இருந்தால் கினபாலுவுக்குப் போய் வாருங்கள். போகிறவர்கள் உச்சியோடு திரும்பிவிடாமல் அந்தப் பனைச் சாலை வழியாகவும் போங்கள், விமானத்தில் தாண்டாதீர்கள்.

எதற்குப் போவதானாலும் மூன்று மாதம் பிரான்மலையில் பழகுங்கள். பாரியின் பறம்பு, இரண்டாயிரம் அடிக்கு மேல். நம் மாவட்டத்தில் இதைவிடத் தோதான இடம் இல்லை. முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு ஏறி, அவசரப்படாமல் இறங்க வேண்டும். இறக்கத்தைத்தான் அதிகம் பழக வேண்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருப்போம். வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுவாருங்கள்.